கடனுக்கு இலக்கு உண்டு, சேமிப்புக்கு?

காய்கறிக் கூடையோடு தெருவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், வாங்கிய தண்டலுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். ‘நூறு நாள், தினம் நூறு ரூபா’ என்பதுதான் பெரும்பாலும் பதிலாக வரும். வட்டி என்ற பேச்சே அதில் இருக்காது. பத்தாயிரத்துக்குக் கணக்கு எழுதுவார்கள். 1,500 ரூபாயை அப்போதே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். சின்ன அட்டை ஒன்றில் தினமும் ஒரு கிறுக்கல் விழும். நூறாவது நாள் கணக்கு நேராகிவிடும்.

பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்றால் பதினைந்து விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே நூறு நூறாகப் பணம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாம் நாள் பாதிப் பணத்துக்கு மேல் அந்தப் பெண்ணிடம் இல்லை. குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு வட்டி போட்டுப் பார்த்தால், ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வருகிறது. அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. வருஷத்துக்கு மூன்று அட்டை போட்டால் 4,500 ரூபாய் வட்டியாகப் போயிருக்கும். கையில் 8,500 ரூபாய் முதல் இருந்திருந்தால் தண்டலே தேவைப்பட்டிருக்காது. அந்த 8,500 ரூபாயைச் சேர்ப்பது எப்படி என்பதுதான் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு மகளிர் குழுக்கள் விடை தேடிவரும் கேள்வி.

2003ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தைப் புரட்டினால், நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. கடைத்தெருப் பேச்சு அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே தீக்குளித்தது. சட்டத்தால் மட்டும் ஆகிற காரியமில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

சிறுவாடும் சங்கமும்

நம் வீட்டுப் பெண்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் புடவை மடிப்பிலும் சேர்த்த சிறுவாட்டுக் காசு இல்லாத வீடு அரிது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது பல வீடுகளில் நடந்தது ஒரு குட்டி நாடகம். கணவனுக்குக் காட்டாமல் வைத்திருந்த நோட்டுகளை, மாற்றித் தரச்சொல்லி அவரிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தது எவ்வளவு, வராமலே போனது எவ்வளவு என்பதற்குக் கணக்கு இல்லை.

சிறுவாட்டில் இரண்டு குறை. வளராது என்பது ஒன்று. ரகசியம் இருக்கும்வரைதான் அது அவளுடைய பணம் என்பது இன்னொன்று. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலோ, கொழுந்தன் வந்து நின்றாலோ, டாஸ்மாக் கடை கூப்பிட்டாலோ ரகசியம் உடையும். குழுவில் கட்டிய காசுக்கு இந்தத் தொல்லை குறைவு. ‘குழுப் பணம், எடுக்க முடியாது’ என்று சொல்லிவிடலாம். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து வைத்திருக்கும் பணத்தை ஒரு கணவன் வந்து கேட்க முடியாது. ‘சந்தா கட்டணும், கொடுங்க’ என்று அவரிடமிருந்தே வாங்கவும் முடியும். குழுவின் முதல் பலம் இதுதான் என்று நினைக்கிறேன். வங்கிக் கடனெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

சேர்ந்து சேமித்துக் கடன் கொடுத்துக்கொள்ளும் யோசனை சென்னை மாகாணத்துக்குப் புதிதுமல்ல. 1872இல் மயிலாப்பூரில் இந்து பெர்மனெண்ட் ஃபண்டு தொடங்கியாகிவிட்டது. விவசாயிக்குக் கடன் கிடைக்க வழி தேடி ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஃபிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திக்காட்டிய கிராமச் சங்கங்களைப் பார்த்துவிட்டு வந்து, 1895லும் 1897லும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் பதிவானது. ஆனால் மயிலாப்பூர் ஃபண்டு போன்ற நிதிகளில் இருந்தவர்கள் வக்கீல்களும் குமாஸ்தாக்களும். கூட்டுறவுச் சங்கத்துக்குள் நுழைய நிலம் வேண்டும். களை பறிக்கப் போகிறவளுக்கும் கூடை தூக்குகிறவளுக்கும் இரண்டிலும் இடமில்லை.

அந்த இடத்தில் கைவைத்தவர்களில் முன்னோடி ஜெயா அருணாசலம். காங்கிரஸ் கட்சி வேலையாகச் சென்னைக் குடிசைப் பகுதிகளில் வெள்ள நிவாரணத்துக்குப் போனவர், அங்கிருந்த பெண்களுக்கு முதலில் தேவை நியாயமான வட்டிக்கு ஒரு கடன் என்று கண்டுகொண்டார். 1978இல் உழைக்கும் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். தேசிய வங்கிகளில் ஏழைகளுக்கென்றே 4 விழுக்காட்டில் ஒரு கடன் திட்டம் இருந்தது; யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கடனை மீன் விற்கிற, பூ விற்கிற, இட்லி சுடுகிற பெண்களுக்குக் குழுகுழுவாக வாங்கிக் கொடுத்தார்கள். வங்கியின் படிவங்களும் நடையாய் நடப்பதும் சலித்துப்போக, 1981இல் சொந்தமாகவே கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

தர்மபுரியும் மதுரையும்

அரசாங்கம் இந்தப் பக்கம் திரும்பியது 1989இல். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1983இல் உருவாக்கப்பட்டிருந்த தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அதை நடத்தியது. கடன் கொடுக்க இந்தியன் வங்கி கூட நின்றது. அன்றைய தர்மபுரி என்றால் கிருஷ்ணகிரியும் சேர்ந்தது. வானம் பார்த்த பூமி, பெண் சிசுக்கொலைக்குப் பெயர் போன வட்டாரங்கள், கூலிக்குப் பெங்களூருக்குக் கிளம்பும் ஜனம். இங்கே பலித்தால் எங்கேயும் பலிக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் போலிருக்கிறது. பிறகு சேலம், விழுப்புரம், மதுரை, ராமநாதபுரம் என்று திட்டம் நீண்டது.

அதே சமயத்தில் மதுரைப் பக்கம் தனி ஓட்டமாக இன்னொன்று தொடங்கியிருந்தது: களஞ்சியம். 1990 வாக்கில் முளைத்து, 1997இல் தானம் அறக்கட்டளை என்று வடிவெடுத்த அமைப்பின் பெண்கள் குழுக்கள். தமிழ்நாட்டுக்கு வெளியே களஞ்சியத்தைத் தெரிய வைத்தவர் அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கூலி பேசி வாங்கிக் கொடுத்துப் பழகியவர். 2001 ஜனவரியில் தில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். 2019இல் பத்மஸ்ரீ. பிரதமர் காலைத் தொட்ட புகைப்படம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவர் செய்த வேலை என்ன என்று கேட்டால் பலருக்குத் தெரியாது: ஊர் ஊராக நடந்து போய்க் குழு சேர்த்தது, மிரட்டலுக்குப் பயப்படாமல் நின்றது, வட்டிக்காரரிடமிருந்து கணக்கைத் தங்கள் கைக்கு மாற்றியது.

வங்கிகள் உள்ளே வந்த கதையும் சுவையானது. பதிவு செய்யாத, சட்டத்தின் கண்ணில் ஆளே இல்லாத ஒரு கூட்டத்துக்கு எப்படிக் கணக்குத் திறப்பது? பாரத ரிசர்வ் வங்கி 1991இல் பச்சைக்கொடி காட்டியது. நபார்டு 1992இல் நாடு முழுவதும் 500 குழுக்களை வைத்துச் சோதனை செய்து பார்க்கக் கிளம்பியது. அடமானம் இல்லை, சொத்துப் பத்திரம் இல்லை. குழுவின் சேமிப்பும் அதன் நோட்டுப் புத்தகமும்தான் ஜாமீன். சேமித்ததைப் போல ஒரு மடங்கிலிருந்து நான்கு மடங்குவரை கடன் என்பது அன்றைய விதி. முதலில் சேமி, உனக்குள்ளே கொடுத்து வாங்கிப் பழகு, பிறகு வா என்பதே அதன் சாரம். சேமிப்பு முன்னே, கடன் பின்னே. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

புதுக்கோட்டையில் 1991, 92இல் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்ததும் இதே காலம்தான். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடப் பழகினார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களுக்குப் போடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா? குழுவின் தீர்மானப் புத்தகம் அந்த இடமாயிற்று.

பாயில் விரித்த புத்தகங்கள்

ஒரு நல்ல குழுக் கூட்டத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வேலை முடிந்து, அடுப்பை மூட்டுவதற்கு முந்திய நேரம். கோயில் திண்ணையோ, அங்கன்வாடி வாசலோ, யாராவது ஒருத்தி வீட்டுத் தாழ்வாரமோ. பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். ஊக்குநர் முன்னால் நான்கைந்து புத்தகங்கள்: வருகைப் பதிவு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடு, ஆளுக்கொரு பாஸ் புத்தகம். போன கூட்டத்துத் தீர்மானத்தை வாசிக்க வேண்டும். சந்தா வைத்தவர் பெயரைச் சொல்லி வாங்க வேண்டும். வராதவருக்கு அபராதம். பிறகுதான் கடன் பேச்சு. யாருக்கு, எதற்கு, எத்தனை தவணை? ஒருத்திக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் செலவு, இன்னொருத்திக்கு ஆட்டுக்குட்டி, மூன்றாமவளுக்கு அடகு வைத்த தோட்டைத் திருப்ப வேண்டும். பெட்டியில் இருப்பது இரண்டு பேருக்குத்தான் காணும். விட்டுக்கொடுப்பது யார் என்பதில் கொஞ்சம் சத்தமும் வரும். யாருக்கு எது அவசரம் என்பது அடுத்த தெருக்காரிக்குத் தெரிகிற அளவுக்கு எந்தக் கணினிக்கும் தெரியாது.

இப்போது கணக்கு. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் மாதம் 2,400, ஆண்டுக்கு 28,800, மூன்று ஆண்டில் 86,400. இதிலிருந்து ஒருத்தி 5,000 ரூபாய் இரண்டு வட்டிக்கு எடுக்கிறாள் என்று வையுங்கள். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். மாதம் 500 வீதம் பத்துத் தவணை. முதல் மாதம் வட்டி 100, அடுத்தது 90, அதற்கடுத்தது 80 என்று இறங்கி, கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். அதே 5,000 ரூபாயை வெளியில் பத்து வட்டிக்கு வாங்கினால் மாதம் 500 ரூபாய் வட்டி மட்டும் கட்ட வேண்டும். பத்து மாதம் கழித்து 5,000 ரூபாய் கட்டியிருப்பாள், அசல் 5,000 அப்படியே நிற்கும்.

இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு ஆயிற்றே, வங்கியைவிட அதிகமில்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். அதிகம்தான். ஆனால் அந்த 550 ரூபாய் யார் பையில் போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். குழுவின் பொது நிதியில் விழுகிறது. வட்டி கட்டியவளுக்கும் அதில் பங்குண்டு.

கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது ஆகிய ஐந்தும் தவறாமல் நடக்க வேண்டும் என்பதைப் பஞ்ச சூத்திரம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஐந்தில் முதலில் படுத்துக்கொள்வது எது என்று கேட்டால் கணக்கு எழுதுவதைத்தான் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்த ஒருத்தியின் வீட்டில் எல்லாப் புத்தகமும் போய்த் தங்கிவிடும். மற்ற பதினொரு பேருக்குத் தங்கள் பாக்கி எவ்வளவு என்பது அவள் வாயால் கேட்டுத்தான் தெரியும். பல குழுக்கள் உடைந்தது பணம் இல்லாமல் அல்ல. கணக்கு கேட்டபோது வந்த கோபத்தில்.

மாநிலம் முழுக்க ஒரு வலை

1997, 98இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் இது மாநிலத் திட்டமாயிற்று. தொண்டு நிறுவனங்கள் குழு சேர்த்துப் பயிற்சி கொடுக்க, அரசு நிதி தர, வங்கிகள் கடன் தர என்று மூன்று பக்கக் கூட்டு. சில ஆண்டுகளில் எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. 2005இல் உலக வங்கி உதவியோடு புதுவாழ்வுத் திட்டம் வந்து, கிராம வறுமை ஒழிப்புச் சங்கங்களை உண்டாக்கியது. 2012இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் மாநிலக் கிளை. இன்று குழுக்களுக்கு மேல் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, நகரங்களில் பகுதி அளவிலான கூட்டமைப்பு என்று அடுக்கடுக்காக நிற்கிறது. குழுக்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். ஒரு கிராமத்து ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்களில் குழுவில் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இவ்வளவு பெரிய வலையை என்ன செய்கிறோம்? ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையில் ஒரு வரி வரும். 2022-23க்கு சுயஉதவிக் குழுக்களுக்கு 25,000 கோடி ரூபாய் வங்கிக் கடன். 2023-24க்கு 30,000 கோடி. 2025-26க்கு 37,000 கோடி. இலக்கு எட்டப்பட்டது என்ற செய்தியும் வரும். ஆட்சியர் ஒருவர் பெரிய காசோலை அட்டையைப் பிடித்தபடி நிற்கும் படமும் வரும். குழுப் பெண்கள் இந்த ஆண்டு இவ்வளவு சேமிக்க வேண்டும் என்ற இலக்கை அறிவித்த ஒரு நிதிநிலை அறிக்கையும் என் கண்ணில் பட்டதில்லை.

நபார்டு கணக்கைப் பார்த்தால் இந்தச் சாய்மானம் எவ்வளவு என்று தெரியும். 2023 மார்ச் முடிவில் நாடு முழுக்கச் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழுக்கள். வங்கிகளில் அவற்றின் சேமிப்பு சுமார் 58,900 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு குழுவுக்கு ஏறக்குறைய 44,000 ரூபாய். பன்னிரண்டு பேர் என்று கொண்டால் தலைக்கு 3,700 ரூபாய்கூட இல்லை. உள்கடனாகப் போயிருக்கும் சேமிப்பு இதில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அதே தேதியில் வங்கிகளுக்குக் குழுக்கள் வைத்திருந்த கடன் பாக்கி 1 லட்சத்து 88 ஆயிரம் கோடி. சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

கடன் கெட்டதென்று சொல்ல வரவில்லை. வாழ்வாதார இயக்கத்துக் குழுக்களுக்கு 3 லட்சம் ரூபாய்வரை 7 விழுக்காட்டு வட்டி. அடமானமில்லாக் கடனின் உச்ச வரம்பை 2021இல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். தண்டல்காரரிடம் 120 கட்டியவளுக்கு 7 என்பது கனவில்கூட வந்திராத வட்டி. கோளாறு வேறிடத்தில். கடன் இலக்கைத் துரத்தும்போது, கடனுக்காகவே குழு என்று ஆகிவிடுகிறது. வங்கிப் பணம் வந்த அன்றே பன்னிரண்டாகப் பங்கு பிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். யாருக்கு எதற்கு எவ்வளவு என்ற பாயில் நடக்கும் விவாதம் அங்கே செத்துப்போகிறது. தேவையில்லாதவளும் தன் பங்கை விட மனமில்லாமல் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரிக்கு மூன்று வட்டிக்கு விடுகிறாள்.

2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் குழுக்கள் வாங்கியிருந்த 2,756 கோடி ரூபாய்க் கடனை அரசு தள்ளுபடி செய்தது. கொரோனாவில் கூலி இல்லாமல் கிடந்த குடும்பங்களுக்கு அது மூச்சு விடும் இடம். ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்ட குழுவுக்கு அதில் ஒன்றுமில்லை. கட்டாதவள் கெட்டிக்காரி என்ற பேச்சு ஒரு முறை ஊருக்குள் வந்துவிட்டால், அதை எந்தப் பயிற்சி வகுப்பாலும் துடைக்க முடியாது.

டியூ நாள்

இதே காலத்தில் குழு என்ற பேரோடு இன்னொரு கூட்டமும் தெருவுக்கு வந்தது. நுண்கடன் நிறுவனங்கள். இங்கும் பெண்கள் சேர்ந்து உட்காருவார்கள். ஒருத்திக்கு இன்னொருத்தி பொறுப்பு. ஆனால் பெட்டியில் அவர்கள் காசு இல்லை, தீர்மானப் புத்தகம் இல்லை, வட்டி வெளியே போகிறது. வாரமோ மாதமோ டியூ நாளன்று பைக்கில் வரும் தம்பிக்குப் பணம் தயாராக இருக்க வேண்டும். ஒரு கம்பெனி டியூவைக் கட்ட அடுத்த கம்பெனியில் லோன், அதைக் கட்ட மகளிர் குழுவில் உள்கடன். நாட்டிலேயே நுண்கடன் பாக்கி அதிகம் உள்ள மாநிலங்களின் வரிசையில் பீகாரோடு தமிழ்நாடும் முன்னணியில் நிற்கிறது.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் இதற்குப் புது விதி வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்வரை உள்ள குடும்பத்துக்கு அடமானமின்றிக் கொடுக்கும் கடன் எல்லாம் நுண்கடன். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. வட்டிக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று கடனாளிக்குப் புரிகிற மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மாதம் 25,000 ரூபாய் வரும் வீட்டில் 12,500 ரூபாய் டியூவுக்குப் போகலாம் என்பது காகிதத்தில் சரி. மிச்சத்தில் வாடகையும் அரிசியும் பள்ளிக் கட்டணமும் எப்படி முடியும் என்பதை விதி எழுதியவர் ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்த்துச் சொல்லலாம்.

அந்த வட்டித் தாள் எத்தனை பெண்களுக்குப் படித்துக் காட்டப்படுகிறது? 50,000 ரூபாய், 24 மாதம், ‘ஒரு வட்டிதான்க்கா’ என்பார்கள். அதாவது அசல் முழுவதற்கும் கடைசிவரை ஆண்டுக்கு 12 விழுக்காடு. வட்டி 12,000, தவணை 2,583 ரூபாய். குறையும் பாக்கியில் கணக்கிட்டால் அது 12 இல்லை, 21.6 விழுக்காடு. குழுவின் உள்கடனில் வட்டி மாதாமாதம் இறங்குவதைத் தன் பாஸ் புத்தகத்தில் பார்த்தவளுக்கு, இந்த லோனில் வட்டி ஏன் இறங்கவே இல்லை என்ற கேள்வி தானாக வரும். பத்து நாள் வகுப்பு எடுத்தாலும் வராத புத்தி, கணக்கைத் தானே எழுதினால் வந்துவிடும்.

வசூல் கெடுபிடிக்கு எதிராக 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கடன் கொடுத்தவர்கள் மிரட்டுவதும் பின்தொடர்வதும் பொருளைத் தூக்கிக்கொண்டு போவதும் இப்போது தண்டனைக்குரிய குற்றம். நல்லது. டியூ கட்ட முடியாதவளின் வீட்டு வாசலில் அதே குழுவின் ஐந்து பெண்களே போய் உட்காருகிறார்களே, அவர்கள் மேல் யார் புகார் கொடுப்பது?

சீட்டும் பேராசையும்

ஏலச்சீட்டு இல்லாமல் தமிழ்நாட்டில் சேமிப்பைப் பற்றிப் பேச முடியாது. மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும், அவசரத்துக்குத் தள்ளி எடுக்கலாம் என்ற வசதியும் வங்கியில் கிடைக்காதவை. பதிவு செய்த சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடத்துபவரின் கழிவு 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஆனால் தெருவில் நடக்கும் சீட்டுக்கு அக்காவின் வாய்ச்சொல்தான் பத்திரம். தீபாவளிச் சீட்டு பிடித்த குடும்பம் ஐப்பசி பிறக்கும்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு போன கதை எல்லா ஊரிலும் உண்டு. அதற்கும் மேலே போனால் 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி மோசடி. திருப்பூரில் 930 கோடி ரூபாய் மோசடியில் 2022இல் நீதிமன்றம் 27 ஆண்டு சிறைத்தண்டனை விதித்த பாசி நிறுவனம். மாதம் 25, 30 விழுக்காடு வட்டி என்று அறிவித்து, ஒரு லட்சம் பேருக்கு மேல் 2,438 கோடி ரூபாயைக் கட்டிய பிறகு காவல்துறை வழக்காக முடிந்த ஆருத்ரா நிறுவனம்.

ஒவ்வொரு முறையும் மக்களின் பேராசை என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 120 விழுக்காடு வட்டி கட்டியே பழகிப்போனவருக்கு, தனக்கும் யாராவது அப்படிக் கொடுப்பார் என்பது அவ்வளவு நம்பமுடியாத சங்கதியாகத் தெரிவதில்லை. ஏமாந்தவர்களில் படித்த சம்பளக்காரர்கள் எத்தனை பேர் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

456 ரூபாய்

நிதிக் கல்வி என்ற பெயரில் இப்போது நடப்பது என்ன? ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் பிப்ரவரியில் நிதிக் கல்வியறிவு வாரம் நடத்துகிறது. 2025இல் அதற்குப் பெண்களின் வளமே தலைப்பு. ஒன்றியங்களில் மையங்கள் இருக்கின்றன. வாழ்வாதார இயக்கத்தில் குழுப் பெண்களையே பயிற்றுநர் ஆக்கியிருக்கிறார்கள். இது உருப்படியான ஏற்பாடு. பேங்க் ஆபீசர் கோட்டு சூட்டோடு வந்து கூட்டு வட்டியைப் பற்றிப் பேசுவதைவிட, ‘ஓடிபி கேட்டா சொல்லாதடி’ என்று பக்கத்து ஊர்க்காரி சொல்வது மனதில் தங்கும்.

சொல்ல வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள்தான். மே மாதக் கடைசி வாரத்தில் கணக்கில் 456 ரூபாய் இருக்க வேண்டும் என்பது போல. 436 ரூபாய் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுக்கு, 20 ரூபாய் விபத்துக் காப்பீட்டுக்கு. இரண்டிலும் தலா 2 லட்சம். பணம் இல்லாவிட்டால் காப்பீடு புதுப்பிக்கப்படாமல் போய்விடும். குடும்பத்துக்கு அது தெரியவருவது சாவு வீட்டில்தான். 2023 செப்டம்பர் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தில், தொடக்கத்திலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்களின் கணக்குகளுக்கு மாதம் 1,000 ரூபாய் போனது. தன் பெயரில் மாதாமாதம் தவறாமல் பணம் வரும் கணக்கு முதன்முறையாக இவ்வளவு பெண்களிடம் இருக்கிறது. முதல் மாதமே சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதிலிருந்து அபராதம் பிடித்துக்கொள்ள, அரசு தலையிட வேண்டியதாயிற்று. அந்த ஆயிரத்தில் நூறு ரூபாயைக் குழுவிலோ அஞ்சலகத்திலோ தானாகப் போய்ச் சேரும்படி செய்ய வழி இருந்தால், மாநிலத்தின் சேமிப்புக் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடும். கட்டாயப்படுத்தக்கூடாது, ஒரு டிக் போடும் கட்டம் போதும்.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த முப்பத்தைந்து ஆண்டுப் பாடமெல்லாம் வீட்டில் ஒரு பாதிக்குத்தான் நடந்திருக்கிறது. கொத்தனாரும் லாரி டிரைவரும் பனியன் கம்பெனித் தொழிலாளியும் சனிக்கிழமை சம்பளத்தைச் சனிக்கிழமையே தீர்த்துவிடுகிறார்கள். திருப்பூரில் சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள் என்பது தெரியும். கம்பெனி மாறும்போது அந்தப் பணத்தை மாற்றிக்கொள்ளாமல் எடுத்துச் செலவழித்துவிடுவது வழக்கம். குழுவில் சேராத வயசுப் பெண்களின் கைபேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலிகள் இருக்கின்றன. அம்மா பாயில் உட்கார்ந்து நாலு பேர் முன்னால் கேட்டு வாங்கிய கடனை, மகள் யாருக்கும் தெரியாமல் பஸ்ஸில் போகும்போதே வாங்கிவிடுகிறாள்.

பழைய குழுக்கள் இப்போது வேறொரு கட்டத்துக்கு வந்திருக்கின்றன. தொண்ணூறுகளில் சேர்ந்த பெண்களுக்கு அறுபது வயதாகிறது. களை எடுக்க முடியவில்லை, கடன் வாங்கிக் கட்டவும் தெம்பில்லை. சேமிப்பைப் பிரித்துக் கொடுத்துக் குழுவைக் கலைத்துவிடலாமா என்று பேச்சு எழுகிறது. அப்படிக் கையில் வரும் பத்து, இருபதாயிரத்தை எங்கே வைப்பது என்று ஆலோசனை சொல்ல அந்த அடுக்கடுக்கான கூட்டமைப்பில் யாருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை. பெண்களுக்கென்றே 7.5 விழுக்காட்டில் இரண்டாண்டுக்கு வந்த மகிளா சம்மான் சேமிப்புப் பத்திரம் 2025 மார்ச் 31ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், 6.7 விழுக்காடு, ஆனால் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். மொத்தமாக வந்த தொகை என்றால் மகன் வண்டி வாங்கக் கேட்பதற்குள் அஞ்சலக வைப்புக் கணக்கில் போட்டு, வாரிசாக யாரை எழுதுவது என்று தீர்மானிக்க வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு கூட்டம் போதும். மாவட்டத்துக்கு மாவட்டம் கடன் மேளா நடத்தப் பந்தலும் நாற்காலியும் மைக்கும் ஏற்கெனவே இருக்கின்றன.